கூட்டு மருந்துக்குச் சான்று எங்கே?

நுண்ணுயிரிகளை எதிர்க்கும் மருந்துகளின் வரலாற்றில் பூஞ்சை எப்போதும் பின்வரிசையிலேயே இருந்துவந்துள்ளது. பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகள் பத்துக்கும் மேற்பட்ட வகைகளாகப் பெருகிவிட்ட நிலையிலும், உடலுக்குள் ஊடுருவிப் பரவும் பூஞ்சைத் தொற்றுக்கு எதிராக மருத்துவர்கள் நம்பிக் கையாளும் மருந்து வகைகள் நான்குதான். இதற்கு ஆராய்ச்சியில் காட்டப்பட்ட அலட்சியம் மட்டும் காரணமன்று. பாக்டீரியாவின் செல் மனித செல்லிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது என்பதால், மனிதனைத் தொடாமல் அதை மட்டும் தாக்குவதற்கான இலக்குகள் பல உண்டு. பூஞ்சையோ மனித செல்லைப் போலவே உட்கரு கொண்ட செல்லால் ஆனது. பரிணாம வரிசையில் தாவரத்தைவிட விலங்குக்கே நெருக்கமானது. ஆகவே, அதற்கு நஞ்சாவது பெரும்பாலும் மனிதனுக்கும் நஞ்சாகிறது.

அந்த நான்கு வகைகளும் பூஞ்சைக்கும் மனிதனுக்கும் இடையே எஞ்சியிருக்கும் சில சிறு வேறுபாடுகளைப் பற்றிக்கொண்டு வேலை செய்கின்றன. மனித செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. 1950-களில் வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆம்ஃபோடெரிசின் பி, அந்த எர்கோஸ்டெராலைப் பற்றிச் சவ்வைச் சிதைக்கிறது. ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் முதலான அசோல் வகை மருந்துகள் எர்கோஸ்டெரால் உருவாவதையே தடுக்கின்றன. காஸ்போஃபங்கின் முதலான எக்கினோகேண்டின் வகை, மனித செல்லுக்கு இல்லாததும் பூஞ்சைக்கு உள்ளதுமான செல் சுவரில் குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி பின்னப்படுவதை நிறுத்துகிறது. நான்காவதான ஃப்ளூசைட்டோசின் 1957-இல் புற்றுநோய் மருந்தாக உருவாக்கப்பட்டு, அதில் பயன்படாமற்போய், பின்னர் பூஞ்சையின் மரபுப்பொருள் உற்பத்தியைக் குலைக்கும் மருந்தாகப் புதுவாழ்வு பெற்றது.

மருந்து குறைவாகவும் நோய் கொடியதாகவும் இருக்கும்போது, கையிலுள்ள மருந்துகளில் இரண்டை ஒருசேரக் கொடுத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. உயிருக்குப் போராடும் நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு, ஒரு மருந்தோடு நிறுத்திக்கொள்வது ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டதுபோலத் தோன்றும். நோயாளியின் குடும்பத்துக்கோ இன்னும் அதிகமாகத் தோன்றும். ஆனால், இரண்டு மருந்து ஒன்றைவிட நல்லது என்பது மருத்துவத்தில் தானாக நிறுவப்பட்டுவிடும் உண்மை அன்று. அது சில பூஞ்சைகளில் உறுதியாக மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் வேறு வழியின்மையால் ஏற்கப்பட்டிருக்கிறது. வேறு சிலவற்றில், குறிப்பாக இந்தியாவை 2021-இல் உலுக்கிய கருப்புப் பூஞ்சை நோயில், இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. இந்த மூன்று நிலைகளையும் பிரித்தறியாமல் 'கூட்டு மருந்துச் சிகிச்சை' என்ற ஒரே பெயரால் அழைப்பதே குழப்பத்தின் தொடக்கம்.

கூட்டு மருந்து என்ற கருத்துக்கு முன்மாதிரி காசநோய்ச் சிகிச்சை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது சில மாதங்களிலேயே கிருமி அதற்கு வசப்படாமற்போனதும், அதனுடன் பாஸ் எனப்படும் இரண்டாவது மருந்தைச் சேர்த்தபோது அந்த எதிர்ப்பு பெரிதும் தடுக்கப்பட்டதும் 1940-களின் இறுதியில் பிரிட்டனில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளால் தெளிவாயின. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இரு மருந்துச் சிகிச்சையை வீட்டிலிருந்தபடியே பெறுவோரும் சானடோரியத்தில் தங்கிப் பெறுவோரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைகிறார்கள் என்று காட்டி, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. இங்கே கவனிக்க வேண்டியது, காசநோயில் கூட்டு மருந்து ஒரு ஊகமாகத் தொடங்கினாலும் ஊகமாகவே நின்றுவிடவில்லை என்பது. நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு சாராருக்கு ஒரு முறையும் மறு சாராருக்கு வேறு முறையும் அளிக்கப்பட்டு, விளைவு எண்ணிப் பார்க்கப்பட்டது.

இரண்டு பூஞ்சை மருந்துகள் ஓர் உடலில் சேரும்போது மூன்றில் ஒன்று நிகழக்கூடும். ஒன்றின் வேலையை மற்றது பெருக்கலாம். ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் தத்தம் வேலையைச் செய்யலாம். ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கவும் செய்யலாம். மூன்றாவது நிலை வெறும் கற்பனையன்று. அசோல் மருந்து எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கிறது. ஆம்ஃபோடெரிசினோ பற்றிக்கொள்வதற்கு அந்த எர்கோஸ்டெரால்தான் வேண்டும். முன்னது தன் வேலையைச் சிறப்பாகச் செய்தால் பின்னதற்குப் பிடிமானம் இல்லாமற்போகும் என்ற அச்சம் பல்லாண்டுகளாக மருந்தியலாளரிடையே உண்டு. ஆய்வுக்கூடக் குடுவையிலும் சில விலங்குச் சோதனைகளிலும் இந்த முரண் தென்பட்டிருக்கிறது. மனிதரில் எல்லா நேரமும் தென்படவில்லை. குடுவையில் நடப்பதும் எலியில் நடப்பதும் மனிதரில் நடப்பதும் வெவ்வேறு என்பதற்கு இந்தத் துறை தரும் எடுத்துக்காட்டுகள் ஏராளம்.

மெய்ப்பிக்கப்பட்ட இணை

கூட்டு மருந்துச் சிகிச்சை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட பூஞ்சை நோய், கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் ஏற்படும் மூளை உறை அழற்சி. பறவை எச்சம் கலந்த மண்ணிலும் மரங்களிலும் வாழும் இந்தப் பூஞ்சை, மூச்சோடு நுரையீரலுக்குள் சென்று, எச்.ஐ.வி. தொற்றால் நோயெதிர்ப்பாற்றல் நலிந்தவரின் மூளை உறையைத் தாக்குகிறது. 2020-ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீட்டின்படி, எச்.ஐ.வி.யோடு வாழ்வோரில் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,52,000 பேருக்கு இந்த மூளை உறை அழற்சி வந்து, அவர்களில் 1,12,000 பேர் இறக்கின்றனர்.

ஃப்ளூசைட்டோசினைத் தனியாகக் கொடுத்தால் பூஞ்சை மிக விரைவில் அதற்குப் பழகிவிடுகிறது. ஆம்ஃபோடெரிசினைத் தனியாகக் கொடுத்தால், மூளை நீரிலுள்ள பூஞ்சையை அது ஒழித்து முடிப்பதற்குள் சிறுநீரகம் களைத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் மூளை நீர் விரைவில் தூய்மையாகிறது என்பது அமெரிக்காவில் 1979-இல் வெளியான ஆய்விலேயே தெரிந்துவிட்டது. ஆனால், உயிரிழப்பைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு ஐயமற்ற விடை கிடைக்க மேலும் 34 ஆண்டுகள் ஆயின. வியட்நாமில் 299 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், ஆம்ஃபோடெரிசினை மட்டும் பெற்ற 99 பேரில் 70 நாட்களுக்குள் 44 பேரும், ஃப்ளூசைட்டோசினும் சேர்த்துப் பெற்ற 100 பேரில் 30 பேரும் இறந்தனர். மூன்றாவது பிரிவினருக்கு ஃப்ளூசைட்டோசினுக்குப் பதிலாக ஃப்ளூகோனசோல் துணை மருந்தாக அளிக்கப்பட்டது. அந்த இணை, தனி மருந்தைவிடச் சிறந்தது என்று புள்ளியியல் அடிப்படையில் நிறுவப்படவில்லை. 2018-இல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வும் இதையே வேறு வழியில் உறுதிசெய்தது. ஆம்ஃபோடெரிசினுக்குத் துணையாக ஃப்ளூசைட்டோசின் பெற்றவர்களில் பத்து வாரத்துக்குள் இறந்தவர் 31.1 விழுக்காடு, ஃப்ளூகோனசோல் பெற்றவர்களில் 45 விழுக்காடு. இரண்டு என்ற எண்ணிக்கை உயிரைக் காப்பதில்லை; எந்த இரண்டு என்பதே காக்கிறது.

2022-இல் வெளியான ஆம்பிஷன் ஆய்வு இன்னொரு படி முன்னேறியது. போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் 844 பேரைச் சேர்த்து நடத்தப்பட்ட இந்த ஆய்வில், நுண்ணிய கொழுப்புக் கோளங்களுக்குள் பொதியப்பட்டதால் சிறுநீரகத்தைக் குறைவாகத் தாக்கும் லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை செலுத்தப்பட்டு, ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் 14 நாட்கள் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டன. பத்து வார இறப்பு இம்முறையில் 24.8 விழுக்காடாகவும், ஒரு வாரம் நாள்தோறும் ஊசி போடும் பழைய முறையில் 28.7 விழுக்காடாகவும் இருந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் புதிய முறையில் குறைவு. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் பரிந்துரையாக ஏற்றது.

ஆக, கூட்டு மருந்துக்கு இத்தனை வலுவான சான்றுள்ள இந்த ஒரு நோயில், அந்த இணையின் உயிர்நாடியான ஃப்ளூசைட்டோசின், இந்தியா உட்படப் பல நாடுகளில் பல்லாண்டுகள் மருந்துக்கடையில் கேட்டுப் பெற முடியாத பொருளாகவே இருந்துவந்தது. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன, 1957-இல் பிறந்த ஒரு மாத்திரையின் நிலை இது. வாங்குவோர் ஏழைகள், எண்ணிக்கையோ சிறிது, லாபமும் இல்லை என்பதால் உற்பத்தியாளர் வரவில்லை. உற்பத்தி இல்லாததால் மருத்துவர்கள் எழுதவில்லை. எழுதாததால் தேவை இல்லை என்று கருதப்பட்டது. கூட்டு மருந்து பற்றிய எந்த விவாதமும் இந்த உண்மையை முதலில் முகங்கொள்ள வேண்டும்.

வேறு வழியில்லாத இணை

மறுமுனையில் இருப்பது, பெயரையே பெரும்பாலோர் கேட்டிராத லோமென்டோஸ்போரா புரோலிஃபிகன்ஸ் என்ற பூஞ்சை. ஆஸ்திரேலியாவிலும் ஸ்பெயினிலும் மண்ணில் மிகுதியாகக் காணப்படும் இது, ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையால் வெள்ளணுக்கள் வற்றியவர்களையும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களையும் தாக்குகிறது. ரத்தத்தில் கலந்து பரவிவிட்டால் பிழைப்பவர் மிகச் சிலரே. பழக்கத்திலுள்ள ஏறத்தாழ எல்லாப் பூஞ்சை மருந்துகளுக்கும் இது இயல்பிலேயே மசியாதது. இந்நிலையில், எர்கோஸ்டெரால் உருவாகும் வேதிச் சங்கிலியில் இரு வேறு கண்ணிகளை அறுக்கும் இரு மருந்துகளைச் சேர்க்கும் யோசனை எழுந்தது. நகச்சொத்தைக்கும் படர்தாமரைக்கும் எழுதப்படும் டெர்பினாஃபின் அச்சங்கிலியின் முற்பகுதியிலும், வோரிகோனசோல் பிற்பகுதியிலும் தடையிடுகின்றன. தனித்தனியே செயலற்றுக் கிடந்த இரண்டும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது இந்தப் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்தன. பாக்டீரியாவின் ஃபோலேட் உற்பத்தியை இரண்டு இடங்களில் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை செயல்படுவதும் இதே முறையில்தான்.

இந்த இணைக்கு மனிதரில் உள்ள சான்று மெலிந்தது. டெர்பினாஃபின் தோலிலும் கொழுப்பிலும் போய்த் தங்கிவிடும் மருந்து என்பதால், ரத்தத்தில் எவ்வளவு பயன்படும் என்ற ஐயமும் உண்டு. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் 2003 முதல் நடந்துவரும் ஃபங்கிஸ்கோப் என்ற பன்னாட்டு அரிய பூஞ்சை நோய்ப் பதிவேட்டில் திரட்டப்பட்ட 41 லோமென்டோஸ்போரா நோயாளிகளை ஆராய்ந்தபோது, கூட்டு மருந்து பெற்றவர்களில் 28 நாட்களுக்குப் பின்னும் உயிரோடிருந்தோர் விகிதம், ஒற்றை மருந்து பெற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. பல நாடுகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் திரட்டிய பின்னும் 41 பேர்தான் என்றால், குலுக்கல் முறை ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது நடவாத காரியம். இங்கே கூட்டு மருந்தைக் குறை சொல்ல முடியாது. ஒற்றை மருந்து ஒன்றும் இல்லாத இடத்தில் இரண்டைச் சேர்த்துப் பார்ப்பது நியாயமே. ஆனால், அந்த நியாயம் லோமென்டோஸ்போராவுக்கு உரியது. பெயர் தெரியாத எல்லாப் பூஞ்சைக்கும் உரியதன்று.

இதற்கு நேர்மாறான படிப்பினையை 2012-இல் அமெரிக்கா தந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து மருந்துக்கலவை நிறுவனம் ஒன்று தயாரித்த, முதுகுவலிக்குத் தண்டுவடத்தருகே போடப்படும் ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்திருந்ததால், 20 மாநிலங்களில் 750-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எந்தப் பூஞ்சை என்று தெளிவாகாத தொடக்க நாட்களில், வோரிகோனசோலும் லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசினும் சேர்த்துக் கொடுக்குமாறு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்தியது. பெரும்பாலோரைத் தாக்கியது எக்சரோஹிலம் என்ற, புல்லில் வாழும் பூஞ்சை என்று உறுதியானதும், ஆம்ஃபோடெரிசினின் நச்சு முதியவர்களின் சிறுநீரகத்தைப் பதம்பார்ப்பது தெரிந்ததும், பரிந்துரை வோரிகோனசோல் என்ற ஒரே மருந்துக்குச் சுருக்கப்பட்டு, இரண்டாவது மருந்து கடுமையான நோய்க்கு மட்டும் என ஒதுக்கப்பட்டது. அறியாமையின் காலத்தில் இரண்டு, அறிந்த பின் ஒன்று என்ற இந்த ஒழுங்கு, பூஞ்சையின் பெயரைச் சில நாட்களில் சொல்லக்கூடிய ஆய்வுக்கூடம் இருந்ததால் மட்டுமே இயன்றது.

நிறுவப்படாத இணை

இந்தியாவுக்கு நேரடியாக உரிய கேள்வி மியூக்கோர்மைக்கோசிஸ் பற்றியது. மியூக்கோரேலிஸ் என்ற பூஞ்சை வரிசையால் வரும் இந்நோயைச் செய்தித்தாள்கள் கருப்புப் பூஞ்சை என்று அழைத்தாலும், பூஞ்சை கருப்பன்று. அது ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து அடைப்பதால் அழுகிக் கறுப்பது நோயாளியின் திசுவே. ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி அமிலத்தன்மை கூடும்போது, புரதத்தோடு பிணைந்திருக்கும் இரும்பு விடுபட்டு இந்தப் பூஞ்சைக்கு உணவாகிறது. ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றுவதோடு காவல்நிற்கும் வெள்ளணுக்களையும் முடக்குகிறது. கொரோனா இரண்டாம் அலையில் இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்தன. 2021 மே மாதத்தில் மத்திய அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஜூன் இறுதிக்குள் 40,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளும் 3,000-க்கும் மேற்பட்ட இறப்புகளும் பதிவாகியிருந்தன. உலகின் பிற பகுதிகளில் அரிய நோயாக இருக்கும் இது, இந்தியாவில் 10 லட்சம் பேரில் 140 பேர் வரை, அதாவது உலக அளவைப்போல ஏறத்தாழ 70 மடங்கு, இருக்கலாம் என்று கணித மாதிரி அடிப்படையிலான மதிப்பீடு ஒன்று கூறுகிறது.

இதற்கு முதல் மருந்து லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் என்பதிலும், அழுகிய திசுவை அறுவை செய்து அகற்றுவதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் மருந்துக்கு இணையாக இன்றியமையாதவை என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாவது மருந்து ஒன்றைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டுமா என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஒரு கட்டுரை இந்த விவாதத்துக்கு எரியூட்டியது. மூக்கையும் கண்ணையும் மூளையையும் தாக்கிய மியூக்கோர்மைக்கோசிஸ் நோயாளிகள் 41 பேரின் பழைய மருத்துவப் பதிவுகளைப் புரட்டிய அந்த ஆய்வில், ஆம்ஃபோடெரிசின் வகை மருந்தோடு காஸ்போஃபங்கினும் பெற்றவர்களில் சிகிச்சை வெற்றி 100 விழுக்காடு. அது இல்லாதவர்களில் 45 விழுக்காடு. நூற்றுக்கு நூறு என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவர்கள் மதிப்பிடத்தக்க நோயாளிகள் ஆறே ஆறு பேர். பின்னர், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் ரத்தப் புற்றுநோயோடு இந்த நோயும் வந்த 106 பேரின் பதிவுகளை, நோயின் கடுமையைச் சரிசெய்து ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வு, தொடக்கத்திலேயே கூட்டு மருந்து கொடுத்ததால் உயிர்பிழைப்பில் வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை என்றது.

இந்த நோயில் துணை மருந்துகளின் வரலாற்றில் மறக்கக்கூடாத ஓர் அத்தியாயம் டிஃபெராசிராக்ஸ். உடலில் மிகுந்துபோன இரும்பை அகற்றுவதற்காகத் தலசீமியா நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் மாத்திரை அது. பூஞ்சைக்கு இரும்பு உணவு என்றால், இரும்பைப் பறித்துக்கொண்டால் பூஞ்சை பட்டினி கிடந்து சாகும் என்ற தர்க்கம் குறையற்றது. எலிகளில் அது அழகாக வேலையும் செய்தது. அதை நம்பி, 20 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, எல்லோருக்கும் லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசினும், ஒரு சாராருக்கு டிஃபெராசிராக்ஸும் மறு சாராருக்கு வெறும் போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 2012-இல் வெளியான முடிவின்படி, 90 நாட்களில் டிஃபெராசிராக்ஸ் பெற்றவர்களில் 82 விழுக்காட்டினரும், போலி மாத்திரை பெற்றவர்களில் 22 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். ஆய்வு மிகச் சிறியது என்பதும், டிஃபெராசிராக்ஸ் பிரிவில் புற்றுநோயாளிகளும் வெள்ளணு குறைந்தவர்களும் அதிகமாகச் சேர்ந்துவிட்டனர் என்பதும் உண்மையே. மருந்துதான் கொன்றது என்று அதைக் கொண்டு தீர்ப்பளித்துவிட முடியாது. ஆயினும், அந்த ஆய்வு நடவாதிருந்தால் 2021-இல் இந்திய மருத்துவமனைகளில் அந்த மாத்திரை எத்தனை ஆயிரம் பேருக்கு எழுதப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியாவிலிருந்தே வந்த சான்று ஒன்றும் உண்டு. 16 மருத்துவ மையங்களில் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அனுமதிக்கப்பட்ட 287 மியூக்கோர்மைக்கோசிஸ் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2021-இல் வெளியானது. பன்னிரண்டு வாரத்தில் 45.7 விழுக்காட்டினர் இறந்துவிட்ட அந்தத் தொகுதியில், ஆம்ஃபோடெரிசினைத் தொடர்ந்து மற்றொரு பூஞ்சை மருந்தையும் பெற்றவர்கள் அதிகம் பிழைத்தனர். இதைப் படித்ததும் இரண்டாவது மருந்துதான் காப்பாற்றியது என்ற முடிவுக்குத் தாவுவது எளிது. ஆனால், முதல் மருந்தை முடித்து இரண்டாவதற்குச் செல்லும் நாள்வரை உயிரோடிருந்தவருக்கே இரண்டாவது கிடைத்திருக்கும். மூன்றாம் நாளே இறந்தவர், அவர் எவ்வளவு நல்ல சிகிச்சை பெற்றிருந்தாலும், ஒற்றை மருந்துக் கணக்கில்தான் சேர்வார். தேர்தலில் மூன்று முறை வென்றவர்கள் ஒரு முறை வென்றவர்களைவிட நெடுநாள் வாழ்ந்தார்கள் என்று கண்டு, வெற்றியே ஆயுளை நீட்டியது என்பதைப் போன்ற பிழை இதில் ஒளிந்திருக்கிறது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் முன்கூட்டியே பிரிக்காத எந்த ஆய்விலும், எவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்டாலும், இந்தப் பிழையை முழுவதும் நீக்க இயலாது.

இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை என்ன என்று கேட்கப்படலாம். தீமை உண்டு. ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைத் தாக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றி, இதயத் துடிப்பைக் குலைக்கிறது. அசோல் மருந்துகள் கல்லீரலைத் தாக்குவதோடு, மற்ற மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தடுக்கின்றன; இதனால், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறி, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடும். செலவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் ஆம்ஃபோடெரிசின் மீதான வரியை முற்றிலும் நீக்கிய பின்னும் நோயாளிகளின் உறவினர்கள் குப்பிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தனர். முதல் மருந்தே முழு அளவு கிடைக்காத சூழலில், இரண்டாவது மருந்துக்காக நகையை அடகுவைக்கச் சொல்வது சிகிச்சை ஆகாது.

இதைவிடப் பெரிய தீமை, கவனம் திசைதிரும்புவது. மியூக்கோர்மைக்கோசிஸில் உயிரைத் தீர்மானிப்பது மருந்துகளின் எண்ணிக்கை என்பதைவிட அவை தொடங்கும் நாள் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ரத்தப் புற்றுநோயாளிகளைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வில், ஆம்ஃபோடெரிசின் சிகிச்சை ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களில் பன்னிரண்டு வார இறப்பு 82.9 விழுக்காடு, தாமதமில்லாதவர்களில் 48.6 விழுக்காடு. மூக்கிலிருந்து எடுத்த சிறு திசுவைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அகன்ற, குறுக்குச் சுவர் அரிதான பூஞ்சை இழைகள் அன்றே தெரிந்துவிடும். இதற்கு வேண்டியது சில ரூபாய்ப் பொருளும், பார்க்கத் தெரிந்த ஒரு கண்ணும். பல மாவட்ட மருத்துவமனைகளில் இல்லாதது அந்தப் பயிற்சி பெற்ற கண்தான். சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் பூஞ்சையியலில் உலகத் தரத்தில் பணியாற்றுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மைக்கோநெட் என்ற பெயரில் பூஞ்சை ஆய்வு மையங்களை இணைத்துள்ளது. உச்சியில் சில சிறந்த மையங்கள் இருப்பது, அடியில் உள்ள வெற்றிடத்தை நிரப்பிவிடாது.

அரிய நோய்களில் பெரிய ஆய்வு நடத்த இயலாது என்பது மேலைநாட்டுப் பூஞ்சையியலாளரின் நெடுநாள் வாதம். அவர்கள் நாட்டு எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது சரியான வாதமே. இந்தியா அதைச் சொல்ல முடியாது. 10 கோடிக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைக் கொண்ட இந்த நாட்டில், பெருந்தொற்று இல்லாத ஆண்டுகளிலும் மியூக்கோர்மைக்கோசிஸ் வந்துகொண்டேதான் இருக்கிறது. 2021-இல் சில வாரங்களுக்குள் திரண்ட 40,000 நோயாளிகளில் இருபதில் ஒருவரையேனும், லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் மட்டும் பெறுவோர், அதனுடன் போசகோனசோலும் பெறுவோர் என்று பிரித்து எண்ணியிருந்தால், உலகம் கேட்டுவரும் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். மருந்துப் பற்றாக்குறையும் மருத்துவர்களின் களைப்பும் மெய்யானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பிரிட்டனில் ரிக்கவரி ஆய்வு அதேபோன்ற நெருக்கடியின் நடுவே 2020 மார்ச்சில் தொடங்கி, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு செயற்கைச் சுவாசத்திலிருக்கும் கொரோனா நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஜூன் மாதத்துக்குள் உலகுக்குச் சொல்லிவிட்டது. அதே ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கும் அளவின்றி எழுதப்பட்டது இந்தியாவில் பூஞ்சை பெருகியதற்கு ஒரு காரணம் என்பது வேறு கதை.

ஆய்வுக்காக ஒரு சாராருக்கு மருந்தை மறுப்பது அறமா என்ற மறுப்பு இங்கே எழும். நல்லது என்று நிறுவப்பட்ட மருந்தை மறுத்தால்தான் அது அறமற்றது. இரண்டாவது மருந்து நன்மை செய்கிறதா தீமை செய்கிறதா என்பது யாருக்கும் தெரியாதபோது, ஒவ்வொரு மருத்துவரும் தத்தம் எண்ணப்படி ஒருவருக்கு எழுதி, இன்னொருவருக்கு எழுதாமல், யாருக்கு என்ன நேர்ந்தது என்ற கணக்கையும் எங்கும் சேர்க்காமல் விடுவது, குலுக்கல் முறையைவிட எந்த வகையில் அறமானது என்பதை மறுப்பவர்கள்தான் விளக்க வேண்டும். அதுவும் ஒரு பரிசோதனையே. முடிவைக் குறித்துவைக்காத பரிசோதனை என்பதுதான் வேறுபாடு.

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதன்முறையாக வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகள் பட்டியலில் உள்ள 19-இல், கிரிப்டோகாக்கஸ் மிக உயர்ந்த அடுக்கிலும், மியூக்கோரேலிஸ் அதற்கடுத்த அடுக்கிலும், லோமென்டோஸ்போரா மூன்றாம் அடுக்கிலும் இடம்பெற்றுள்ளன. அந்த வரிசையிலேயே இந்தியாவின் வேலையும் இருக்கிறது. ஃப்ளூசைட்டோசின் ஒவ்வொரு எச்.ஐ.வி. சிகிச்சை மையத்திலும் இருப்பில் இருக்க வேண்டும்; இதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, கொள்முதல் ஆணை போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அரசு மருத்துவக் கல்லூரிகளை இணைத்து, மியூக்கோர்மைக்கோசிஸில் ஒற்றை மருந்தையும் கூட்டு மருந்தையும் ஒப்பிடும் ஆய்வை அடுத்த அலைக்குக் காத்திராமல் இப்போதே தொடங்க வேண்டும். அதன் விடை வரும்வரை, கருப்புப் பூஞ்சை நோயாளிக்கு இரண்டாவது மருந்தை எழுதும் முன், முதல் மருந்து உரிய நாளில், முழு அளவில், இடையறாமல் கிடைக்கிறதா என்பதையும், அறுவை சிகிச்சை தள்ளிப்போகவில்லை என்பதையும் உறுதிசெய்வதே மருத்துவமனைகளின் பொறுப்பு.